தேர்வுக்காலத் தூக்கத்துக்கு ஒரு கண்பட்டை: எதைப் பார்த்து வாங்குவது?

புக்கிட் பாத்தோக்கில் வீவக வீட்டில் இருக்கிறீர்களா? இன்றிரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, படுத்தபடியே ஐந்து நிமிடம் கண்ணைத் திறந்து வைத்திருங்கள். சன்னல் தாழ்வாரத்தைப் பார்த்து இருந்தால் தாழ்வார விளக்கு தெரியும். மறுபக்கம் இருந்தால் பலமாடிக் கார் நிறுத்தத்தின் வெள்ளை வெளிச்சம், இல்லாவிட்டால் எதிர் புளோக்கின் படிக்கட்டு விளக்கு. அண்ணனோடு அறையைப் பகிர்ந்துகொள்பவருக்கு அவருடைய மேசை விளக்கு வேறு. ஐந்து நிமிடம் கழித்து அலமாரியில் உள்ள புத்தகங்களின் தலைப்பை உங்களால் வாசிக்க முடிகிறதா? அப்படியென்றால் அந்த அறை இன்னும் இருட்டாகவில்லை.

இது உங்கள் வீட்டுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. 2016இல் 'சயன்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளிவந்த உலக இரவு வெளிச்ச வரைபடத்தில், உலகிலேயே வெளிச்ச மாசு மிகுந்த நாடு சிங்கப்பூர்தான். இங்குள்ள மக்கள் அனைவருமே, கண் முழு இரவுப் பார்வைக்குப் பழக முடியாத அளவு வெளிச்சமான வானத்தின் கீழ் வாழ்கிறார்கள் என்று அது சொல்கிறது. சன்னலுக்குக் கனமான திரை போடலாம்தான். ஆனால் நம் வெப்பத்தில் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும், காற்று வர வேண்டும். தம்பியின் விளக்கையும் திரை மறைக்காது. அதனால்தான் கண்பட்டையைப் பற்றிப் பேசுகிறோம். (கடையில் 'ஸ்லீப் மாஸ்க்' என்று கேளுங்கள், அப்போதுதான் எடுத்துக் கொடுப்பார்கள். முகமூடி என்று எழுதினால் முகம் முழுவதையும் மூடுவது போலாகிவிடும். எனவே இங்கே கண்பட்டை என்றே எழுதுகிறோம்.)

கண்ணை மூடினால் போதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். போதாது. இமை மெல்லிய தோல். வெளிச்சத்தில் ஒரு பகுதி அதைக் கடந்து உள்ளே போகும். விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல் 'இப்போது பகலா இரவா' என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில உயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நீலம் கலந்த வெளிச்சம்தான் அதிகம் உறைக்கும். வெள்ளை எல்இடி விளக்கிலும் கைப்பேசியிலும் அது நிறைய உண்டு. வெளிச்சம் பட்டால், தூக்கத்துக்கு உடம்பைத் தயார்ப்படுத்தும் மெலட்டோனின் சுரப்பது குறைந்துவிடும்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஆய்வு ஒன்று 2023இல் வந்தது. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 18 முதல் 35 வயது வரையுள்ளவர்களை ஒரு வாரம் கண்பட்டை அணிந்தும் இன்னொரு வாரம் வெளிச்சத்தை மறைக்காமலும் தூங்கச் சொன்னார்கள். கண்பட்டை அணிந்த வாரத்தில், அவர்கள் பகலில் புதிதாகப் படித்த சொல்லிணைகள் நன்றாகப் பதிந்தன, விழிப்புநிலையும் கூடியது. இணைமொழியையும் மரபுத்தொடரையும் மனத்தில் ஏற்றப் போராடும் நமக்கு இது நல்ல செய்தி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: நேற்றுப் படித்ததைக் கண்பட்டை காப்பாற்றித் தரும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. மறுநாள் படிப்பது நன்றாக ஏறுகிறது என்றுதான் சொல்கிறது. சோதனைக்கு முன் பழகிக்கொள்ள ஐந்து இரவுகளும் கொடுத்தார்கள். ஆகவே நாளைக்குத் தேர்வு, இன்றைக்குக் கண்பட்டை என்றால் பயன் இருக்காது. படிக்கும் வாரங்களிலேயே தொடங்கிவிடுங்கள்.

சரி, எதை வாங்குவது? விலையைப் பார்க்கும் முன் அழுத்தத்தைப் பாருங்கள். தட்டையான பட்டை இமைமேல் நேராகப் படியும். சிலருக்கு அது ஒன்றும் செய்யாது. சிலருக்குக் காலையில் பார்வை கொஞ்ச நேரம் மங்கலாக இருக்கும், இமைமுடி மடங்கி உறுத்தும். கண் இருக்கும் இடத்தில் கிண்ணம் போல் குழிந்த வகையில் இந்தத் தொல்லை இல்லை, உள்ளேயே இமைக்கலாம். ஆனால் அதன் ஓரம் தடிப்பாக இருக்கும். ஒருக்களித்துப் படுப்பவருக்கு அந்த ஓரம் பொட்டில் குத்தும். மல்லாந்து படுப்பவர் குழிந்ததையும், ஒருக்களித்துப் படுப்பவர் மெல்லியதையும் முதலில் போட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தது மூக்கு. பெரும்பாலான கண்பட்டைகள் தோற்றுப்போகும் இடம் அதுதான். நம்மில் ஒவ்வொருவர் மூக்கும் ஒவ்வொரு மாதிரி. ஒரே அச்சில் வெட்டிய பட்டை எல்லாருக்கும் பொருந்தாது. கடையில் அணிந்து பார்க்க விட்டால், கண்ணைத் திறந்து கீழே பாருங்கள். மூக்கின் இருபுறமும் வெளிச்சக்கோடு தெரிந்தால் வேறொன்றை எடுங்கள். மூக்குப் பகுதியில் ஒரு சிறு துணிமடிப்பு தொங்கும் வகை இந்த இடைவெளியை நன்றாக அடைக்கும்.

வார் தலையைச் சுற்றி வரும், காதை இழுக்கக்கூடாது. நீளம் கூட்டிக் குறைக்க வசதி இருக்க வேண்டும். ஒட்டும் பட்டை வைத்த வார் நீள முடியில் சிக்கும்; பின்னிக்கொண்டு படுக்கும் பெண்பிள்ளைகளுக்கு நகர்த்தும் கொக்கி வைத்த வாரே நல்லது. அணிந்தபின் வாருக்கும் தலைக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். எழுந்ததும் முகத்தில் தடம் தெரிகிறதா? வார் இறுக்கம் என்று பொருள்.

துணி விஷயத்தில் நம் ஊர் வெப்பத்தை மறக்க வேண்டாம். தடித்த நுரை வைத்தது குளிரூட்டிய அறைக்குச் சரி, மின்விசிறி அறையில் வேர்த்துவிடும். பருத்தியோ பட்டோ உள்பக்கம் இருக்கட்டும். வேர்வை, தலைக்குத் தேய்த்த எண்ணெய், முகப்பரு மருந்து எல்லாம் அதில் படியும். ஆகவே துவைக்க முடியாத பட்டை வேண்டவே வேண்டாம். வாரம் இரண்டு முறையாவது துவைக்கணும், மாற்றிக்கொள்ள இரண்டு இருந்தால் வசதி. ஒருவருடையதை இன்னொருவர் போடக்கூடாது, கண்வலி சுலபமாக ஒட்டிக்கொள்ளும். வாங்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. கறுப்புப் பருத்தித் துணியை இரண்டு மடிப்பாக வைத்து வீட்டிலேயே தைக்கலாம். தேக்கா சென்டர் மாடியில் துணி தைப்பவர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

கிட்டப்பார்வை குறையும் என்று இரவில் கடின லென்ஸ் அணிந்து தூங்கும் பிள்ளைகள் இங்கே உண்டு. அவர்கள் தட்டையான பட்டையைத் தாங்களாக அணியக்கூடாது. லென்ஸ் கொடுத்தவரைக் கேட்ட பிறகே எதையும் அணிய வேண்டும். கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இதுவே.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டுக் கட்டுரைகள் கண்பட்டையை விடிகாலை வெயிலுக்காகப் பரிந்துரைக்கும். 1982இல் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியதிலிருந்து இங்கே சூரியன் எழ ஏறத்தாழ ஏழு மணியாகிவிடுகிறது; நம் பிள்ளைகள் இருட்டிலேயே எழுகிறார்கள். அவர்களுக்குப் பட்டை தேவைப்படுவது படுக்கப்போகும் நேரத்தில்தான். எழுந்ததும் கழற்றி, விளக்கைப் போட்டு, வெளிச்சம் கண்ணில் படச் சொல்லுங்கள். அலாரத்தைக் கைக்கெட்டாத தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும் மாணவருக்குக் கண்பட்டை அந்த ஐந்தரை மணி நேரத்தைக் கொஞ்சம் மேம்படுத்தலாம், ஆறாவது மணியைக் கொண்டுவராது. 2016இல் நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.30இலிருந்து 8.15க்கு மாற்றியபோது மாணவியர் படுக்கையில் இருக்கும் நேரம் கூடியதை டியூக்-என்யுஎஸ் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பள்ளி நேரத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்கு வகுப்புக் குழுவில் வீட்டுப்பாடம் அனுப்பாமல் இருப்பது நம் கையில்தானே இருக்கிறது?