கட்டடத்தின் வயதைக் கேளுங்கள்

கனடாவின் டொரன்டோ மாநகரில் அடுக்குமாடி வீடு தேடும் நம் தமிழ்க் குடும்பங்கள் வாடகையை விசாரிக்கின்றன. கட்டடத்தின் வயதை விசாரிப்பது அரிது. வயதில்தான் செய்தியே இருக்கிறது.

ஒன்ராறியோ மாகாணச் சட்டப்படி, குடியிருப்போரின் வாடகையை 12 மாதங்களுக்கு ஒருமுறையே, 90 நாள் முன்னதாக எழுத்தில் அறிவித்து உயர்த்தலாம். 2025-இல் உச்சவரம்பு 2.5 விழுக்காடு, 2026-க்கு 2.1. ஆயின் 2018 நவம்பர் 15-க்குப் பின்னரே முதன்முதலாகக் குடியேறப்பெற்ற வீடுகளுக்கு இவ்வரம்பு கிடையாது! பளபளக்கும் புதுமாடியில் இன்று கட்டுப்படியாகும் வாடகை, மறு ஆண்டே கைக்கெட்டாமற் போகலாம். பிள்ளைகளின் பள்ளியையும் மாற்ற நேரிடும். மின்தூக்கி முனகினாலும் பழைய கட்டடமே மேல் என்போம். அங்கும், பெரும் பழுதுபார்ப்பைக் காட்டி வரம்புக்கு மேற்பட்ட உயர்வு கோரி உரிமையாளர் வாரியத்திடம் விண்ணப்பித்துள்ளாரா என்று, ஏற்கெனவே குடியிருப்போரைக் கேட்டறிந்த பின்னரே ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவோம்.