‘ஹோல்டான்’ முதல் ‘டேக் ஆஃப்’ வரை: ஆங்கிலக் கட்டளையில் வால்தான் முக்கியம்!

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் பஸ் வேம்பாரை நெருங்குகிறது. “ஹோல்டான்!” என்கிறார் கண்டக்டர். பஸ் நிற்கிறது. ஆட்கள் ஏறி இறங்கியதும் “ரைட், போலாம்!”

ஆங்கில ‘ஹோல்ட் ஆன்’தான் நம்ம ஊரில் ‘ஹோல்டான்’ ஆனது. இதில் யாருக்கும் குழப்பம் இல்லை. ஆனால் கப்பலிலும் விமானத்திலும் ஆபீஸிலும் இதே வகைக் கட்டளைகள் பலரைத் தடுமாற வைக்கின்றன. ஏன்?

வால் மாறினால் வேலை மாறும்

தமிழில் திசை வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது: ஏறு, இறங்கு, நுழை, விலகு. ஆங்கிலத்தில் ‘கெட்’ என்பது வெறும் இன்ஜின். பின்னால் வரும் குட்டிச் சொல்தான் ஸ்டியரிங்.

கார், ஆட்டோவில் ஏற ‘கெட் இன்’, இறங்க ‘கெட் அவுட்’. பஸ், ரயில், கப்பலுக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. உள்ளே எழுந்து நடக்க முடிகிற வண்டி என்றால் பெரும்பாலும் ‘ஆன்’. பைக்குக்கும் ‘ஆன்’தான், அதன் மேல்தானே உட்காருகிறோம்!

நாம் பஸ்ஸில் சொல்லும் ‘கெட் டவுன்’ இந்திய வழக்கு. லண்டனில் யாராவது அப்படிக் கத்தினால், ‘குனி, தரையில் படு’ என்று அர்த்தம்.

கடலில் என்ன செய்கிறார்கள்?

‘லெட் கோ’ என்றால் விடு. எதை விட? நங்கூரம் என்றால் கடலில் இறக்க வேண்டும். கயிறு என்றால் அவிழ்க்க வேண்டும். அதனால் கட்டளையோடு பொருளின் பெயரும் வரும். பல நாட்டு மாலுமிகளும் ஒரே மாதிரி பேசுவதற்காக, சர்வதேச கடல்சார் அமைப்பு 2001-இல் கப்பல்களுக்கான நிலையான சொற்றொடர்களை ஏற்றுக்கொண்டது.

583 உயிர்கள்

1977 மார்ச் 27. ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் மூடுபனி. கேஎல்எம் விமானத்திலிருந்து “இப்போது டேக் ஆஃபில் இருக்கிறோம்” என்று ஆங்கிலத்தில் தகவல் போனது. விமானம் ஓடத் தொடங்கியிருந்தது. கட்டுப்பாட்டு அறையோ, தயாராக நிற்கிறது என்று எடுத்துக்கொண்டது. ‘ஸ்டாண்ட் பை’ என்ற பதில் ரேடியோ இரைச்சலில் அமுங்கியது. அதே ஓடுபாதையில் இருந்த பான் ஆம் விமானத்தில் மோதி 583 பேர் இறந்தனர்.

அதன்பிறகு, அனுமதி தரும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர ‘டேக் ஆஃப்’ என்று சொல்லக்கூடாது என்றானது. மற்ற நேரங்களில் ‘டிபார்ச்சர்’தான். ‘பேசுங்கள்’ என்பதற்குச் சொல்லும் ‘கோ அஹெட்’டை, ‘முன்னே போ’ என்று விமானி நினைத்துவிடலாம். அதனால் பிரிட்டனில் ‘பாஸ் யுவர் மெசேஜ்’ என்கிறார்கள்.

ஆபீஸில் கவனிக்க

தமிழில் ‘வா’வோடு ‘ங்க’ சேர்த்தால் மரியாதை வந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. ‘கம் இன்’, ‘சிட் டவுன்’ என்று மொட்டையாகச் சொன்னால் அதட்டல் போலக் கேட்கலாம். ‘ப்ளீஸ் கம் இன்’, ‘ஹேவ் எ சீட்’ என்றால் இதமாக இருக்கும்.

உங்களுக்கே ஒரு கட்டளை புரியவில்லையா? சுக்கான் பிடிப்பவரின் வழக்கத்தைப் பின்பற்றலாம். கேப்டன் சொன்னதை அவர் அப்படியே திருப்பிச் சொல்வார், அப்புறம்தான் சுக்கானைத் திருப்புவார். திருப்பிக் கேட்பதில் வெட்கமே வேண்டாம்.