ஒரே அப்பம், ஒரே பாத்திரம்

நம் சங்கத்துக் குடும்பங்களுள் சைவரும் வைணவரும் இசுலாமியரும் கிறித்தவரும் உளர். கிறித்தவ வீட்டார், குறிப்பாகச் சீர்திருத்தச் சபைகளைச் சேர்ந்தவர்கள், மாதத்தின் முதல் ஞாயிறன்று காலையில் ஒன்றும் உண்ணாமல் வெள்ளுடை உடுத்துக் கோயிலுக்குச் செல்வதைத் தாராவிச் சந்துகளில் மற்றவர்கள் கண்டிருப்பார்கள். "இன்று உங்களுக்கு என்ன விசேஷம்?" என்று அயலார் கேட்பதும், "இராப்போஜனம்" என்று விடை வருவதும், காலையில் என்ன இராப்போஜனம் என்று கேட்டவர் விழிப்பதும் நாம் பலமுறை கண்டவை. அந்த வினாவுக்கு விடை சொல்லும் முயற்சியே இக்கட்டுரை. விடை அறிந்தவர்களுக்கும் இதில் சொல்ல வேண்டியது சிறிது உண்டு.

இயேசு பெருமான் தாம் பிடிபட்ட இரவில் சீடரோடு உண்ட கடைசி உணவின் நினைவாக நடப்பது இது; இராப்போஜனம் என்ற பெயர் அதனால் வந்தது. கத்தோலிக்கர் இதனை நற்கருணை என்பர். மற்றவர் திருவிருந்து என்பர். அப்பமும் திராட்சரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறுகின்றன என்பது கத்தோலிக்கர் கொள்கை. அப்பம் அப்பமாகவே இருக்க, அதனோடு கிறிஸ்து மெய்யாக எழுந்தருளுகிறார் என்பர் லுத்தரன் சபையார். நினைவுகூரும் அடையாளமே என்போரும் உளர். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பியர் இதைப்பற்றி வாதாடியிருக்கின்றனர். அவ்வழக்கை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. அப்பத்துக்கு என்ன நேருகிறது என்பதில் மாறுபடும் இவர்கள் அனைவரும், உண்பவர்களுக்கு என்ன நேர வேண்டும் என்பதில் ஒன்றுபடுகின்றனர்: பலராய் வந்தவர்கள் ஒரே உடலாக வேண்டும்.

இதில் பிழை நேர்வது இன்று தொடங்கியதன்று. முதல் நூற்றாண்டிலேயே கொரிந்து நகரச் சபையில் செல்வர்கள் முந்தி வந்து வயிறார உண்டு குடித்தார்கள். ஏழைகள் பசியோடு நின்றார்கள். பவுல் அடியார் அவர்களைக் கடிந்து எழுதினார். தகுதியின்றி இதில் பங்குபெறுவது குற்றம் என்றும், ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்தறிந்து உண்ணவேண்டும் என்றும் அவர் எச்சரித்தது அந்தச் சூழலில்தான். நம்மவர் அவ்வெச்சரிக்கையை நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். அது எழுந்த காரணத்தை மறந்துவிட்டார்கள். தகுதி என்பது தனிமனிதனின் அந்தரங்கப் பாவக் கணக்கு என்றே பலரும் எண்ணுகின்றனர். ஊரில் பங்குப் பிரிவினைத் தகராற்றில் பேச்சு நின்றுபோன அண்ணனும் தம்பியும் தாராவியில் ஒரே கோயிலுக்கு வருகிறார்கள். திருவிருந்து நாளில் அண்ணன் பின்வரிசையிலேயே அமர்ந்துவிடுகிறார். தம்பி அன்று வருவதே இல்லை. இருவரும் இதைப் பயபக்தி என்றே கருதுகின்றனர். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னார் இயேசு. விருந்தை விட்டு விலகி, பகையைக் கைவிடாமல் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

குடும்பப் பகையாவது இரண்டு பேரோடு நிற்பது. தமிழ்நாட்டுத் திருச்சபையின் வரலாற்றில் இதனினும் பெரிய பகை ஒன்று பந்தியில் வந்து அமர்ந்தது. ஒரே பாத்திரத்தில் பலர் வாய்வைத்துப் பருகுவதென்பது எச்சில், தீட்டு என்ற இரண்டு சொற்களால் ஆளப்பட்ட சமூகத்தில் எத்தகைய காரியம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1706இல் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தொடங்கிய சபையிலேயே சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும் வழக்கம் இடம்பெற்றது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமை சபையில் அடியோடு ஒழியவேண்டும் என்று கட்டளை அனுப்பியபோது, தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் கோயிலை விட்டே வெளியேறினர்.

அக்கட்டளைக்கு முன்னரே தஞ்சையில் பூசல் மூண்டிருந்தது. அதில் முன்னின்றவர் நாம் இன்றும் பாடி மகிழும் கீர்த்தனைகளை இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) என்பது வருந்தத்தக்க செய்தி. புதிய மிஷனரிமார்மீது அவர் சாட்டிய குற்றங்களுள் தமிழ்ப் பாட்டையும் இசையையும் தடுத்ததும், விழாக்களில் பூமாலையை விலக்கியதும் அடங்கும். அவற்றில் நியாயம் அவர் பக்கமே என்பது நம் எண்ணம். பல சாதியாரையும் ஒன்றாய்க் கலந்ததையும் அதே பட்டியலில் சேர்த்தாரே, அங்கே பெரும்புலவர் தவறினார்.

கத்தோலிக்கர் பக்கமும் இதே கதைதான். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயிலில் பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டையின் இரு கால்களைப் போலப் பிரியும் கூடங்கள் இரண்டு, இடையே தடுப்பு. ஒரே குருவின் கையிலிருந்து ஒரே நற்கருணையை இரு சாதியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமல் பெற்றுச் செல்ல இப்படி ஓர் ஏற்பாடு! 1910இல் கௌசானல் அடிகளார் தடுப்பை இடித்துத் தள்ளினார். வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றது. சாதிக்கெனக் கோயிலுக்குள் தனியிடம் கேட்டவர்கள் தோற்றனர்.

தாராவித் தமிழருள் பெரும்பகுதியினர் அந்தத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களே. தோல் பதனிடும் தொழிலை நம்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் இன்று இங்கே வாழ்கிறார்கள். தேநீர்க் கடையில் சாதிக்கொரு குவளை வைத்த ஊர்களிலிருந்து இரயிலேறி வந்தவர்கள் அவர்களுள் இருந்தனர். அத்தகையவர் இங்கே முழங்காற்படியிட்டு, யார் வாய்வைத்த பாத்திரம் என்று கேளாமல் பருகியபோது, கோயிலுக்குள் நடந்தது சடங்கு மட்டுமன்று. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950இல் வகுத்த திருவிருந்து முறையில் இதற்கு ஓர் அழகிய முன்னேற்பாடு செய்தது. அப்பத்தைப் பெறுமுன் சமாதான வாழ்த்து கைக்குக் கை செல்கிறது: ஒருவர் உள்ளங்கையோடு மற்றவர் உள்ளங்கை சேர்த்து, இடக்கையால் மூடி, அடுத்தவருக்கு அளிப்பது. மலையாள நாட்டுச் சிரியன் கிறித்தவரிடமிருந்து பெற்ற வழக்கம் இது. அடுத்திருப்பவரைத் தொடாதவன் அப்பத்தைத் தொட வழியில்லை.

ஆயினும் மன நிறைவடைந்துவிடத் தோன்றவில்லை. ஒரே பாத்திரத்தில் பருகும் இரு வீட்டார், பிள்ளைகளுக்கு மணம் பேசும் காலத்தில் "அவர்கள் எந்த ஊர்? எந்தத் தெரு?" என்று மெல்ல விசாரிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். தெருவின் பெயரால் எது விசாரிக்கப்படுகிறது என்பது தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. ஏப்ரல் முதல் நாளில் தாராவியில் முதல் கொரோனா நோயாளி அறியப்பட்டார். கோயில்கள் மூடப்பட்டன. திருவிருந்து இன்றியே மாதங்கள் கழிந்தன. கைப்பேசித் திரையின் முன் அப்பத்துண்டை வைத்துக்கொண்டு சிலர் வீட்டிலேயே உண்டனர். அது செல்லுமா, செல்லாதா என்ற வாதமும் எழுந்தது. கோயில்கள் திறந்தபின் பல இடங்களில் பொதுப் பாத்திரத்துக்குப் பதிலாகத் தனித்தனிச் சிறு கிண்ணங்கள் வந்தன. வேறு சில இடங்களில் அப்பத்தை இரசத்தில் தோய்த்துக் கொடுத்தனர். நோய்க்கு அஞ்சிச் செய்ததை நாம் குறைகூறவில்லை. தனிக்கிண்ணம் கண்டு உள்ளூர மகிழ்ந்தவர் எவரேனும் இருப்பின், அம்மகிழ்ச்சி நோயச்சத்தால் வந்ததா, பாட்டன் விட்டுச்சென்ற எச்சில் நினைவால் வந்ததா என்று அவரே தம் நெஞ்சைக் கேட்கட்டும்.

படுக்கையில் கிடக்கும் முதியோருக்குக் குருவானவர் அப்பத்தையும் இரசத்தையும் வீட்டுக்கே கொண்டுசெல்லும் வழக்கமும் உண்டு. ஒருவர் நடந்தால் எதிரே மற்றொருவர் வர இயலாத நம் சந்துகளில் அவர் அங்கியோடு வருவதைக் கண்டதும், எந்தச் சமயத்தாராயினும், வாசலில் வைத்த தண்ணீர்ப் பீப்பாய்களை நகர்த்தி வழிவிடுகின்றனர். உள்ளே இருப்பதோ ஓர் அறை. மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு நிற்கிறாள். பாட்டியைத் தூக்கி உட்காரவைக்கப் பக்கத்து வீட்டுக்காரி கைகொடுக்கிறாள்.