உங்களுக்குத் தெரியுமா? அசையாமலே பறந்த சூப்பர்மேன்!

மனிதன் பறப்பதை ரசிகர்கள் நம்பியே தீருவார்கள் என்று அடித்துச் சொன்னது, 1978 டிசம்பரில் வெளியான 'சூப்பர்மேன்' படத்தின் போஸ்டர். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வளராத காலம். வெறும் வாய்ச்சவடாலோ என்றுதான் தோன்றும்.

இயக்குநர் ரிச்சர்ட் டானரின் குழு முதலில் பொம்மையை வீசி எறிந்து பார்த்தது; ரிமோட்டில் இயங்கும் மாடலையும் பறக்கவிட்டது. எதுவும் எடுபடவில்லை. கடைசியில் கைகொடுத்தது ஜோரன் பெரிசிச்சின் 'ஜாப்டிக்' உத்தி. பின்னணிக் காட்சியைத் திரையில் பாய்ச்சும் புரொஜெக்டர், படம்பிடிக்கும் கேமரா இரண்டிலும் ஜூம் லென்ஸ். இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கும். பின்னணியின் அளவு மாறாது. முன்னால் இருக்கும் நடிகர் மட்டும் பெரிதாகி, நம்மை நோக்கிப் பாய்ந்து வருவதுபோலத் தெரியும். அவரோ இருந்த இடத்தைவிட்டு நகர்ந்திருக்கவே மாட்டார்!

சூப்பர்மேன் வேடத்துக்காக, ஒல்லியாக இருந்த நடிகர் கிறிஸ்டோபர் ரீவை உடற்பயிற்சியில் பிழிந்தெடுத்தவர் டேவிட் ப்ரவுஸ். 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் வில்லன் டார்த் வேடரின் உடைக்குள் இருந்தாரே, அவரேதான்.

லென்ஸ் வித்தை ஒருபுறம் இருக்கட்டும். காற்றில் மிதப்பவர்போல உடலைச் சாய்த்துத் திரும்பும் ரீவின் நேர்த்தி இல்லாவிட்டால் அந்தக் காட்சிகள் பாதிகூடத் தேறியிருக்காது. விஷுவல் எஃபெக்ட்ஸுக்காகப் படத்துக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது கிடைத்தது.