எல்லையோரத்துப் பெண்ணும் ஆயிரம் ரூபாயும்

ஒசூருக்கு அருகேயுள்ள தொரப்பள்ளி, ராஜாஜி அவர்கள் 1878-ம் வருஷம் டிசம்பர் 10-ந் தேதி பிறந்த ஊர் என்பது நேயர்கள் அறிந்ததே. அவர் பி.ஏ. படித்தது பெங்களூர் சென்ட்ரல் காலேஜில். ஒசூர் அக்காலத்தில் சென்னை ராஜதானியைச் சேர்ந்தது; பெங்களூரோ மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. ஆயினும், பின்னர் சென்னைக்கு வந்து சட்டம் பயில அவருக்கு அந்த எல்லை ஒரு தடையாக இருக்கவில்லை.

இதை இப்பொழுது நினைவூட்டக் காரணம் உண்டு.

2022 செப்டம்பர் 5-ந் தேதி தமிழ்நாட்டுச் சர்க்கார் "புதுமைப் பெண்" திட்டத்தை ஆரம்பித்தனர். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டுச் சர்க்கார் பள்ளிகளில் படித்து, மேற்படிப்பில் சேரும் பெண்ணுக்கு, படிப்பு முடியும் வரை மாதந்தோறும் 1000 ரூபாய் உபகாரச் சம்பளம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களின் விவாகத்துக்கு அளிக்கப்பட்டு வந்த உதவியே இவ்வாறு கல்விக்குத் திருப்பப்பட்டது. தாலிக்குத் தங்கம் என்றிருந்தது புஸ்தகத்துக்குப் பணம் என்று ஆயிற்று. நமது அபிப்பிராயத்தில் மிக நல்ல மாறுதல். 2024-ல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது விஸ்தரிக்கப்பட்டது. பையன்களுக்கும் "தமிழ்ப் புதல்வன்" வந்தது.

ஆயிரம் ரூபாய் என்ன பெரிய தொகை என்று சிலர் கேட்கிறார்கள். ஒசூரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் பள்ளிப் படிப்பு முடித்த பெண்ணுக்குக் கிடைக்கும் மாதச் சம்பளம் இதைப்போல் பல மடங்குதான். ஆனால் பஸ் சார்ஜுக்கும் நோட்டுப் புஸ்தகத்துக்கும் தகப்பனாரிடம் கையேந்த வேண்டிய பெண்ணையே, "படித்தது போதும்" என்று வீட்டில் முதலில் நிறுத்துகிறார்கள். தன் பெயரில், தன் பாங்கிக் கணக்கில் வரும் பணம் அந்தப் பேச்சைச் சற்றே தள்ளிப் போடுகிறது. வகுப்பறையில் நிற்பவர்கள் நாம். அந்தச் "சற்றே"யின் விலையை அறிவோம்.

எல்லைப்புறத்தில்தான் ஒரு சங்கடம். கிருஷ்ணகிரி ஜில்லாவிலிருந்து ஒரு குடும்பம் கட்டட வேலை தேடிப் பெங்களூருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பெண்ணை அங்கேயே ஒரு சர்க்கார் பள்ளியில் ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் சேர்க்கிறார்கள். பிறகு ஊர் திரும்பி, இங்கே பன்னிரண்டு வரை படிக்கிறாள். விதியை எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால், கன்னடத்தில் எழுதிய ஒரு மாற்றுச் சான்றிதழ் அவளுடைய ஆயிரம் ரூபாயைத் தடுத்துவிடும். ஏழ்மையினால் ஊர்விட்டுப் போனவளுக்கு, போன குற்றத்துக்காகவே உதவி இல்லை!

விதியைத் தளர்த்தவே முடியாது என்பதில்லை. கட்டாயக் கல்விச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பது முதல் சர்க்கார் பள்ளிக்கு வந்தவர்களுக்கு இத்திட்டமே இடமளிக்கிறது. தனியார் பள்ளியில் கழிந்த வருஷங்களை மன்னிக்கலாம் என்றால், அண்டை ராஜ்யத்துச் சர்க்கார் பள்ளியில் கழிந்த வருஷங்களை ஏன் கூடாது? பெற்றோர் கூலி வேலைக்குப் போனதற்குத் தாசில்தாரின் அத்தாட்சியும், அங்குள்ள தலைமையாசிரியரின் கையெழுத்தும் போதாதா?