வேண்டப்பட்டவர்கள்

1940-களில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ராக்லண்டு அரசு மனநோய் மருத்துவமனையில் இருந்த நோயாளிகளில் சிலர் தங்களுக்குள் ஒரு சிறு கூட்டம் சேர்த்துக்கொண்டு, ஒருவர் துயரத்தை மற்றவர் கேட்டும், ஒருவர் சோர்ந்த வேளையில் மற்றவர் தேற்றியும் நாட்களைக் கழித்துவந்தார்கள். மருத்துவமனையை விட்டு வெளியே வந்த பிறகும் அந்தச் சிநேகத்தைக் கைவிட மனமின்றி, கூடுவதற்கென்று ஓர் இடமும் வாய்க்காமல், நியூயார்க் நகரத்துப் பொது நூலகத்தின் வாசற்படிகளிலேயே சந்தித்துப் பேசிக்கொண்டார்கள். தங்கள் கூட்டத்துக்கு 'நாம் தனியாக இல்லை' என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். தர்ம சிந்தனையுள்ள சிலருடைய சகாயத்தால் 1948-ஆம் வருஷம் மேற்கு 47-ஆம் தெருவில் அவர்களுக்கு ஒரு வீடு அமைந்தது. கொல்லைப்புறத் தோட்டத்தில் நீரூற்று ஒன்று இருந்தபடியால் அந்த வீடு 'ஃபவுண்டன் ஹவுஸ்' என்று அழைக்கப்படலாயிற்று. நோயாளிகளின் நட்பிலே வேர்விட்டு, பின்பு வைத்திய உலகமே திரும்பிப் பார்க்கும்படி வளர்ந்த அபூர்வமான ஸ்தாபனங்களில் அது ஒன்று.

மனோவியாதி ஒருவரிடமிருந்து பறித்துக்கொள்வது எது என்று கேட்டால், புத்தித் தெளிவு என்றே நம்மில் பலரும் விடை சொல்வோம். ஆனால் தெளிவு, தக்க மருந்தினால் பெரும்பாலும் திரும்பி வரக்கூடியது. விலகிப்போன நண்பர்களைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்து இன்னும் எந்தக் கடையிலும் விற்கவில்லை. மனச்சிதைவு என்னும் கடுமையான நோய் பதின்வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும்தான் பெரும்பாலும் தலைகாட்டுகிறது. படிப்பு முடிந்து உத்தியோகம் தேடும் காலம் அது; வாழ்நாள் முழுவதும் கூட வரப்போகிற சிநேகிதங்கள் கெட்டிப்படும் காலமும் அதுவே. அந்நோயின் லட்சணங்களில், இல்லாத குரல் காதில் கேட்பதும், யாரோ சதி செய்வதாகத் தோன்றுவதும் எல்லாருக்கும் தெரிந்தவை. அவை மருந்துக்குப் பெரும்பாலும் கட்டுப்படும். பேச்சுக் குறைந்துபோவது, முகம் கொடுக்காமல் இருப்பது, குளிக்கவும் படுக்கையை விட்டு எழவும்கூட மனம் உந்தாமற்போவது ஆகிய சத்தமில்லாத லட்சணங்கள் அவ்வளவு எளிதில் கட்டுப்படுவதில்லை. பார்க்கிறவர் கண்ணுக்கு இவை வியாதியாகத் தெரியாமல், சோம்பலாகவும் திமிராகவும் தெரிவதுதான் விபரீதம். பழைய சகா ஒருவன் இரண்டு முறை தேடி வருகிறான். பதில் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம் மனஸ்தாபம் கொண்டு, மூன்றாம் முறை வராமல் நின்றுவிடுகிறான்.

இந்தத் தனிமை ஒரு தேசத்தின் பிரச்னையாகவே பெருகிய காலம் ஒன்று உண்டு. 1955-இல் அமெரிக்காவின் அரசு மனநோய் மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் குளோர்புரோமசின் என்ற மருந்து அந்நாட்டில் புழக்கத்துக்கு வந்திருந்தது. 1963-இல் ஜனாதிபதி கென்னடி, நோயாளிகளை அவரவர் ஊரிலேயே கவனித்துக்கொள்ள வகைசெய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டார். மருந்தும் சட்டமும் சேர்ந்து மருத்துவமனைக் கதவுகளைத் திறந்துவிட்டன. ஆனால் வெளியே வந்தவர்களில் பலருக்குப் போக்கிடம் இல்லை; ஊர்கள் அவர்களை வரவேற்க ஆயத்தமாகவும் இல்லை. வாடகை அறையின் நான்கு சுவர்களுக்குள், மாத்திரைப் புட்டி ஒன்றே துணையாக, காலைக்கும் மாலைக்கும் வேற்றுமை தெரியாமல் கிடப்பது, மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பதைக்காட்டிலும் எவ்விதத்தில் மேலானது?

பந்துக்கள் சூழ்ந்த நம்முடைய வீடுகளில் இப்படி நேராது என்று திருப்தி கொள்வதற்கு முன்னால், நம் வீட்டுக்குள்ளேயே சற்று உற்றுப் பார்ப்பது நல்லது. இரண்டு வருஷம் வைத்தியம் பார்த்துத் தேறிவரும் பிள்ளை, காபி குடித்த டம்ளரைத் தானே கழுவலாம் என்று முற்றத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறான். அதைப் பார்த்த அத்தை ஓடிவந்து, "கொடுப்பா, நான் பார்த்துக்கறேன், நீ போய்ப் படு" என்று வாங்கிக்கொள்கிறாள். கடைக்குப் போகட்டுமா என்று அவன் கேட்டால், "சில்லறையில் ஏமாந்து வருவான், வேண்டாம்" என்கிறார் பெரியப்பா. தங்கையின் கல்யாணத்தில் அவனை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு வேலையும் சொல்லாமல், வேளைக்குச் சாப்பாடு மட்டும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இதில் துவேஷம் லவலேசமும் கிடையாது. முழுக்க முழுக்கப் பிரியத்தினால் செய்வதுதான். ஆனால் அந்தப் பிரியம் அவனிடம் வாய் திறவாமலே ஒரு சேதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது: உன்னால் எங்களுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

ஃபவுண்டன் ஹவுஸ் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. தொடக்க வருஷங்களில் அது பெரும்பாலும் கூடிக் களிக்கும் சங்கமாகவே நடந்துவந்தது. 1955-இல் ஜான் பியர்டு என்ற சமூகப் பணியாளர் அதன் நிர்வாகத்தை ஏற்றார். மிச்சிகன் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் நாள்பட்ட நோயாளிகளோடு பழகியவர் அவர். நோய் எவ்வளவு முற்றியிருந்தாலும், அந்த மனிதனிடத்தில் நோய் தீண்டாத ஒரு பகுதி எஞ்சியிருக்கும் என்பதும், அதோடுதான் முதலில் பரிச்சயம் செய்துகொள்ள வேண்டும் என்பதும் அவருடைய திடமான நம்பிக்கை. அவர் அந்த வீட்டை ஒரு காரியாலயம்போல் காலையில் திறந்து மாலையில் மூடும் இடமாக்கினார். அங்கே வருகிறவர்களை நோயாளிகள் என்று யாரும் அழைப்பதில்லை; அவர்கள் அங்கத்தினர்கள். அங்கத்தினராவது அவரவர் இஷ்டம். ஒருமுறை ஆனவர் ஆயுள் முழுவதும் அங்கத்தினரே.

காலையில் எல்லாரும் கூடி, அன்றைக்கு ஆகவேண்டிய வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்க வேண்டும். வாசலில் அமர்ந்து வருகிறவர்களை வரவேற்க வேண்டும். தொலைபேசிக்குப் பதில் சொல்ல வேண்டும். கணக்கு எழுத வேண்டும். செய்தித்தாள் தயாரிக்க வேண்டும். செடிகளுக்குத் தண்ணீர் விடவேண்டும். இவை பொழுதைப் போக்குவதற்காகச் சோடித்த வேலைகளல்ல. காய் நறுக்க ஆளில்லாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு உண்மையாகவே தாமதப்படும். இன்னவருக்கு இன்ன வேலை என்று மேலிருந்து உத்தரவு வராது. கையைத் தூக்கி ஏற்றுக்கொண்டவர் செய்கிறார். முதல் நாள் ஒன்றும் செய்யாமல் மூலையில் உட்கார்ந்திருக்கவும் ஒருவருக்குச் சுதந்திரம் உண்டு. ஆனால் வெங்காயம் உரிக்கும் மேஜைக்குப் பக்கத்தில் சில நாள் உட்கார்ந்திருப்பவரிடம், "இதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா?" என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள்.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் ஊழியர்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. இந்த வீட்டைப் பின்பற்றித் தோன்றிய இல்லங்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட நியமங்களில் ஒன்று, சம்பளம் வாங்கும் ஊழியர்கள் வேண்டுமென்றே குறைவாக இருக்க வேண்டும் என்கிறது: அங்கத்தினர்களோடு பழகுவதற்குப் போதுமான பேர் இருக்கலாம், அங்கத்தினர்களின் கை இல்லாமல் வேலையை முடித்துவிடக்கூடிய அளவுக்கு இருக்கலாகாது. எல்லா ஸ்தாபனங்களும் ஆள் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் உலகத்தில், ஆள் போதாமையையே அஸ்திவாரமாக வைத்துக் கட்டிய வீடு இது. அங்கே ஒருவர் வராவிட்டால் அது தெரிகிறது. தெரிவதற்குக் காரணம் கருணை மட்டுமல்ல, அவர் செய்துவந்த காரியம் நின்றுபோவதும்தான். ஊழியருக்கு மட்டும் என்று ஒதுக்கிய அறையோ, அங்கத்தினரை வெளியே நிறுத்திவிட்டு நடத்தும் கூட்டமோ அங்கே கிடையாது.

பியர்டு அங்கத்தினர்களுக்கு வாக்களித்த உரிமைகள் நான்கு: வருவதற்கு ஓர் இடம், அர்த்தமுள்ள வேலை, அர்த்தமுள்ள உறவுகள், திரும்பி வருவதற்கு ஓர் இடம். முதலாவதும் கடைசியும் ஒன்றே போலத் தோன்றினாலும், மனோவியாதியின் சுபாவத்தை அறிந்தவர்களுக்கு இரண்டுக்கும் உள்ள தூரம் விளங்கும். இந்நோய் பலருக்கு அலையலையாக வருகிறது. நன்றாக இருந்தவர் மறுபடியும் குலைந்து, பேசக்கூடாததைப் பேசி, மருத்துவமனைக்குப் போய்த் திரும்பும்போது, எந்த முகத்தோடு பழைய இடத்துக்குப் போவது என்ற வெட்கமே அவரைத் தின்றுவிடும். ஆகையினால், சில நாள் காணப்படாத அங்கத்தினரையும் மருத்துவமனையில் இருப்பவரையும் தேடிப்போய் விசாரிப்பதை நியமமாகவே வைத்திருக்கிறார்கள். பண்டிகையை அந்தப் பண்டிகை நாளன்றே கொண்டாட வேண்டும் என்பதும் ஒரு நியமம். ஊழியர்களின் விடுமுறை வசதிக்காக முந்தின வெள்ளிக்கிழமையே கொண்டாடி முடித்துவிட்டால், ஊரெல்லாம் விருந்துண்ணும் நாளில் அறையில் தனித்திருப்பவரின் துக்கம் அப்படியே நிற்குமல்லவா?

வீட்டுக்குள் செய்யும் வேலைக்குச் சம்பளம் கிடையாது. ஆதலால், ஏழைகளிடம் கூலியில்லாமல் வேலை வாங்குவதுதானே இது என்று ஆட்சேபிக்க இடமுண்டு. அந்த ஆட்சேபத்துக்கு விடைபோல அமைந்தது வெளி உத்தியோகத் திட்டம். நகரத்தின் சாதாரணக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, வாரத்துக்குப் பதினைந்து, இருபது மணி நேரம், ஆறு முதல் ஒன்பது மாத காலம், மற்றவர்களுக்குள்ள அதே கூலிக்கு அங்கத்தினரை அமர்த்துகிறார்கள். அவருக்கு உடம்புக்கு முடியாத நாளில் இல்லத்திலிருந்து வேறொருவர் போய் அந்த வேலையைச் செய்து கொடுப்பார். முதலாளிக்கு நஷ்டமில்லை, வியாதி ஒருநாள் தலைதூக்கினாலும் வேலை போய்விடும் என்ற திகில் தொழிலாளிக்கும் இல்லை.

இன்று இந்த முறையைப் பின்பற்றும் இல்லங்கள் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் முந்நூறுக்கும் மேல் இருக்கின்றன. நம் துணைக்கண்டத்திலேயே, லாகூரில், 1971-இல் அதே பெயரோடு ஓர் இல்லம் தோன்றியது. இத்தகைய இல்லம் ஒன்றிருந்தால் மருந்து தேவையில்லை என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. மருந்து கொடுப்பதும் சிகிச்சை செய்வதும் அங்கே நடப்பதில்லை. அவை வைத்தியரிடம் வேறாக நடக்கின்றன. நட்பு மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள முயன்றால் இரண்டும் கெடும்.

தனிப்பட்ட ஒரு சிநேகிதனுக்கு இதிலிருந்து கிடைக்கும் உபதேசம் என்ன? பதில் வராவிட்டாலும் போய்க்கொண்டிருப்பது முதலாவது. பேச்சில்லாமல் அரைமணி நேரம் திண்ணையில் உடன் உட்கார்ந்திருப்பதும் சிநேகந்தான். கேட்காத குரல் கேட்பதாக நோயுற்ற நண்பன் சொன்னால், உண்டு என்று ஒத்துக்கொள்வதும் இல்லையென்று வாதாடி ஜெயிப்பதும் இரண்டுமே பிரயோஜனமற்றவை. "எனக்குக் கேட்கவில்லை, ஆனால் உனக்குப் பயமாக இருக்கிறது என்பது தெரிகிறது" என்று சொன்னால் போதும். உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது என்று அவன் ஜாடையாகச் சொன்னாலும், அந்த எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். கேட்பதனால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாலும் அந்த ஒரு விஷயத்தில் அதை மீறி, தனியாக விடாமல், வீட்டாரிடமும் வைத்தியரிடமும் கொண்டுசேர்க்க வேண்டும். இந்தியாவில் 2022 முதல் நடந்துவரும் டெலி மானஸ் என்ற அரசு உதவிச் சேவையை, 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

இவையெல்லாம் கொடுப்பது. கொடுப்பதோடு நின்றுவிட்டால் அது தர்மமாகுமே தவிர, நட்பாகாது. ஆகவே அவனிடம் ஏதாவது கேட்கவும் வேண்டும். "சைக்கிள் பிரேக் பிடிக்கவில்லை, கொஞ்சம் பாரேன்"; "பெண்ணுக்குக் கணக்குப் பாடம் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிக்கொடு"; "ஊருக்குப் போகிறேன், நான் வருகிறவரைக்கும் துளசிக்குத் தண்ணீர் விடு." கேட்பது அவனால் ஆகக்கூடியதாக இருக்க வேண்டும், அவன் செய்யாவிட்டால் நமக்கு உண்மையாகவே ஒரு சிறு நஷ்டம் உண்டாவதாகவும் இருக்க வேண்டும். சில வேளை அவன் மறந்துவிடுவான். செடி வாடித்தான் போகும். அப்போது "போனால் போகிறது, உனக்கு உடம்பு சரியில்லையே" என்று பெருந்தன்மை காட்டாமல், மற்ற எந்தச் சிநேகிதனிடமும் கோபித்துக்கொள்வதுபோல் அளவாகக் கோபித்துக்கொண்டு, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சாவியை மறுபடியும் அவனிடமே கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.