கைக்குள் அடங்கும் போர் விமானம்

சூலூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. ஓடு அதிர ஒன்று போகும். பிள்ளைகள் சோற்றுத் தட்டை விட்டு வாசலுக்கு ஓடும். என் மகனுக்கு அவன் சித்தப்பா கோடை விடுமுறையில் 'நாட்' போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் வாங்கித் தந்தார். 72-ல் ஒரு பங்கு அளவு. நிஜ விமானமே 9 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மாடல் 12 சென்டிமீட்டர்தான்.

விளையாட்டுச் சாமான்தானே என்று விட்டுவிடாதீர்கள். பிளேடு, பசை, பெயிண்ட் மூன்றும் இருக்கின்றன. சிறு பிள்ளைகள் தனியாகச் செய்யக் கூடாது. பசை வாடை தலைவலி தரும், ஜன்னலோரம் உட்காருவது நல்லது. பெயிண்ட், தண்ணீரில் கரையும் அக்ரிலிக்காக இருக்கட்டும். தவழும் குழந்தை உள்ள வீடானால் எழுந்திருக்கும்போதே பாகங்களை டப்பாவில் போட்டு மூடுங்கள். சக்கரம் கொண்டைக்கடலையை விடச் சிறிசு. தொண்டையில் சிக்கினால் வினைதான்.

முதலில் பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்தோம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. உடலின் இரு பாதிகளையும் ஒட்டுமுன் மூக்குக்குள் எடை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வால் தரையில் உட்கார்ந்துவிடும். ஈயம் வேண்டாம், அது விஷம். பம்ப்செட் பட்டறையில் பேரிங் குண்டு கேட்டால் தரமாட்டார்களா! ஒட்டியபின் துணிக் கிளிப்பால் கவ்வி ஒரு ராத்திரி விட்டோம்.

1965 போரில் பறந்த மாதிரி வெள்ளி நிறம், மெல்லிசாக இரண்டு பூச்சு. வட்டச் சின்னத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டு நகர்த்தி ஒட்ட வேண்டும். காவி வெளியே, பச்சை நடுவில்.

கடைசியில் விமானி பொம்மை. கட்டைவிரல் நகமளவு. "இவரு பேரென்னம்மா?" என்றான். நிர்மல்ஜித் சிங் செகோன் கதையைச் சொன்னேன். 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். ஆறு சேபர் விமானங்கள் குண்டு போடும்போதே 'நாட்'டில் கிளம்பி எதிர்த்து நின்று உயிர்விட்டவர். பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர். அவருடைய 18-வது படைப்பிரிவுதான் 2020 மே மாதம் நம் சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மறுபடி தொடங்கியது.

"நானும் அதுல சேரட்டுமாம்மா?"

அவன் அப்பா "பேஷாச் சேருடா" என்றார். எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. "முதல்ல படி கண்ணு" என்றேன்.

கண்ணாடி மூடிக்கு வெள்ளைப் பசைதான் சரி. சூப்பர் க்ளூ புகை படிந்து மங்கிவிடும். தூசியைத் துணியால் துடைக்காமல் மெல்லிய பிரஷால் தட்டினால் போதும்.